மணிவாள் மீது நடந்த விசாரணை

அன்று பிற்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியனாகிய நான், பாஷ்யம். என் மனைவி ஹேமாம்புஜம். என் தமக்கை பட்டம்மாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்யும் அப்துல் சத்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே சிடி கடை வைத்திருக்கும் அவருடைய மகன் கலீம். என் மகள் ஸ்ரீவல்லி கூடத்தில் இல்லை. கூடத்தை ஒட்டிய அறையில், திறந்த கதவுக்கு அப்பால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவர்களைத் தவிர வேறொருவரும் அங்கே இல்லை. தானும் இருந்ததாக எவராவது சொன்னால் அது பொய்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஆவணி மாதம். ஸ்ரீவல்லி பேச்சை நிறுத்தி மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. முதலில் பேச்சு நின்றது. பிறகு சாப்பாடு குறைந்தது. அதற்குப் பிறகு மோர் மட்டும் குடித்தாள். முந்தைய இரவிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. உதடுகள் வெடித்திருந்தன. பார்க்க வந்த டாக்டர் நாடியைப் பிடித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். இனிமேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, சென்னைக்குக் கொண்டுபோய் மனநல மருத்துவமனையில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார். மறுநாள் விடியற்காலைக்கு டிரைவர் முருகேசனின் காரைச் சொல்லியிருந்தேன். கார் வாசலுக்கு வருவதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் எங்களுக்கு இடம் உண்டு. அதைவிட, எங்கள் வீட்டில் வாதம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. ஒன்றை மறுக்க வேண்டுமானால் முதலில் அதன் கட்சியை, அதாவது அதன் தரப்பு வாதத்தை, நாமே சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் போதாது. எதிராளி கேட்டுவிட்டு, 'ஆம், என் கட்சி இதுதான், நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுப்பு. தவறாகச் சொன்ன கட்சியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவன் தோற்றவன். இது என் முப்பாட்டனார் காலத்து வழக்கம். ஸ்ரீவல்லி இதிலேயே வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில், எங்கள் பசு அடுத்த வீட்டு வாழையை மேய்ந்த விவகாரத்தில், அடுத்த வீட்டாரின் புகாரை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லி அவர்களை வாயடைக்க வைத்தவள். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தபோதும் அப்படித்தான். ஒரு தவறான வாக்கியம் காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

இப்படிப்பட்ட பெண் எப்படி ஊமையானாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடி முடிந்ததும் சென்னையிலிருந்து ஒரு வரன் பெண் பார்க்க வந்தது. பையன் கம்ப்யூட்டர் என்ஜினியர். பையனின் தாயார் பேச்சுவாக்கில், "பொழுதுபோக்கு என்னம்மா?" என்று கேட்டார். கோலம், பாட்டு என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளதைச் சொன்னாள். ஜப்பான்காரர்கள் எடுத்த ஒரு சித்திரத் தொடர். பேய்களோடு ஒரு பையன் வாளெடுத்துச் சண்டை போடும் கதை. அந்த வாளின் பிடியில் ஒரு சிறிய மணி தொங்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்கு மணிவாள் என்றே பெயர் வழங்கிவிட்டது. அவள் அதைப் பற்றிக் கண் பளபளக்கச் சொல்லிக்கொண்டே போனாள். கைகளைச் சேர்த்துப் பிடித்து வாளை இழுப்பதுபோல் காட்டவும் செய்தாள். அந்த அம்மாள் தன் தங்கையைப் பார்த்து, "பேய்க்கு வக்கீல் மாதிரின்னா பேசறா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கு ஏதோ பேய்ச் சேஷ்டை இருக்கிறது, கையால் முத்திரை பிடித்துக் காட்டினாள் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லியும்விட்டார்கள். கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டி நின்றபோது எனக்குப் பின்னால் அந்தப் பேச்சு நடந்தது.

தொலைபேசியை வைத்ததும் பட்டம்மாள் ஸ்ரீவல்லியைக் கூடத்துக்கு அழைத்தாள். என் தமக்கை சிறு வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருப்பவள். ஸ்ரீவல்லியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான்.

"கேட்டுக்கோடி. இனிமே அந்தப் பேய்க்கதையைப் பத்தி இந்த ஆத்துல நீ வாயைத் தொறக்கப்படாது. குடும்பத்தையே நாறடிச்சுட்டே. வாயே தொறக்கப்படாது!"

ஸ்ரீவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பஞ்சபாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சந்தியாவந்தனத்துக்கு நேரமாகியிருந்தது.

அன்று மூடிய வாயை அவள் பிறகு திறக்கவில்லை.

ஊருக்கு அவள் ஸ்ரீரங்கத்தில் உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். ஹேமாம்புஜம் கெஞ்சினாள், அழுதாள், மடியில் தலையைப் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தாள். பட்டம்மாள் கெஞ்சவில்லை. ஆனால் அவளும் சாப்பிடுவதை நிறுத்தினாள். கேட்டால், "இன்னிக்கு ஏகாதசி" என்பாள். அடுத்த நாள் கேட்டாலும் ஏகாதசி என்றாள். ஒரு நாள் என்னிடம் மெதுவாக, "முசரவாக்கத்துல ஒருத்தர் கயிறு மந்திரிச்சுத் தராராம்டா" என்றாள். வேதாந்தம் பேசிய வீட்டுக்குள் மந்திரவாதி வரக் கூடாது என்றேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணைக்குச் சில நாள் முன்பு, டாக்டர் குழாயைப் பற்றி முதல் முறை எச்சரித்த அன்று, நான் வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு நடந்திருக்கிறது. கட்சியைச் சொல்லாமலே மறுத்திருக்கிறோம். எவரும் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. பார்த்தவளையும் பேச விடவில்லை. வாதம் முறைப்படி நடக்கவில்லை என்றால் தீர்ப்பு செல்லாது. முறைப்படி மறுபடி நடத்துவது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. அதனால் அவள் பேசுவாளா என்பது எனக்குத் தெரியாது. வேறு வழி இல்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் திருமண் இட்டு, வேட்டி உத்தரீயத்தோடு, கலீமின் கடைக்குப் போனேன். அவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். என்னைக் கண்டதும் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

"வாங்க சார். பக்திப் படம்லாம் அந்த ரேக்குல இருக்குது சார். புதுசா சுப்ரபாதம்கூட வந்துக்குது."

"பேய்ப்படம் வேணும்."

அவன் என் நெற்றியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "சார், யாருக்கு?"

"எனக்கு. ஸ்ரீவல்லி உன்கிட்ட வாங்கிப் பார்த்தாளே, அந்த மணி கட்டின வாள். முழுசும் வேணும். ஒண்ணு விடாம."

கலீமின் முகம் மாறியது. ஊர்ப்பேச்சு அவன் கடைக்கும் வந்திருக்க வேண்டும். "அக்கா நல்லாத்தான சார் இருக்காங்க?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன். அந்த உண்மையை வெளியாள் ஒருவரிடம் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னேன்.

அவன் மேல்தட்டிலிருந்து சிடிக்களை எடுத்து உறையில் போட்டான். "இருபத்தாறு பாகம் சார். கீழ இங்கிலீஷ்ல எழுத்து வரும். நடுவுல கொஞ்சம் போர் அடிக்கும், விட்றாதீங்க."

கூடத்துத் தொலைக்காட்சியில் அதை மூன்று நாள் பார்த்தேன். அவள் அறைக் கதவைத் திறந்து வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அந்த நாட்களில் கோஷ்டிக்குப் போகவில்லை. பட்டம்மாள் சமையலறை வாசலில் நின்று, "பாராயணம் கேட்ட கூடம். இப்போ டமார் டுமீர்னு கேக்கறது" என்றாள். சொன்னாளே ஒழிய, அங்கேயே நின்றாள்.

முதல் பாகத்தைக் கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்துதான் பார்த்தேன். கெய்தா என்று ஒரு பையன். வயது பதினாறு இருக்கும். கை நடுங்குகிறது. எதிரே பாழடைந்த குளியல் வீட்டில் ஒரு பெண்ணின் ஆவி, கூரையளவு வளர்ந்து நிற்கிறது. வாளை இழுக்கிறான், உறையை விட்டு வரவில்லை. அந்த வாளுக்கு ஒரு விதி இருக்கிறது. ஆவியின் குறை என்ன என்பதை அவன் ஆவியின் முகத்துக்கு நேரே சரியாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும், வாள் உருவிக்கொள்ளும். தவறாகச் சொன்னால் மணி அடிக்காது. பையன், "உன்னைக் கணவன் ஏமாற்றிவிட்டான்" என்கிறான். மணி அடிக்கவில்லை. அடி வாங்குகிறான். "உன் குழந்தை இறந்துவிட்டது" என்கிறான். இல்லை. கடைசியில், உடைந்த கூரையிலிருந்து மழை சொட்டும் சத்தத்தில், "நீ செய்யாத திருட்டை நீ செய்ததாக எல்லாரும் சொன்னார்கள், உன்னை ஒருவரும் கேட்கவில்லை" என்கிறான். மணி அடிக்கிறது.

அந்த இடத்தில் என் முதுகு சுவரை விட்டு முன்னே வந்துவிட்டது என்று ஹேமாம்புஜம் பிறகு சொன்னாள். இருக்கலாம்.

இப்படியாக முழுவதும் பார்த்தேன். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு பாட்டு வரும். பெயர்கள் ஓடும். கோயிலில் சாற்றுமுறை சேவித்துவிட்டால் பாராயணம் நிறைவடைந்தது, எழுந்துவிடலாம். அதே வழக்கப்படி பாட்டு தொடங்கியதும் ரிமோட்டை அழுத்தி அடுத்த பாகத்துக்குப் போய்விடுவேன். அறையில் ஒருமுறை கட்டில் கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் மறுபடி வந்தார். காரைச் சொல்லச் சொன்னார். அன்று பிற்பகலே விசாரணையை வைத்தேன்.

வாதத்துக்கு ஓர் எதிராளி வேண்டும், ஒரு மத்தியஸ்தர் வேண்டும். தொடருக்காகப் பேச கலீம். மத்தியஸ்தராக அப்துல் சத்தார். முப்பது வருடப் பழக்கம். பட்டுக் கடைக்காரர்களுக்குள் தகராறு என்றால் அவரிடம்தான் போவார்கள்.

"நான் அந்தப் படத்த ஒரு நாளும் பாத்ததில்லையே சாமி" என்றார் அவர்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன் பாய். பார்த்தவா மத்தியஸ்தம் பண்ணப்படாது."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாயில் உட்கார்ந்தார். அறைப் பக்கம் பார்க்கவில்லை. "அல்லா நல்லது செய்யட்டும். ஆரம்பிங்க" என்றார்.

நான் தொடங்கினேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் செய்ததுபோல விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

"முதல்ல இதோட பலத்தைச் சொல்றேன். கலீம், சரியா இருந்தா ஒத்துக்கோ. இதுல பேய் எதுவும் கெட்டது இல்லை. ஒவ்வொண்ணும் தன் பேச்சை யாரும் கேக்காததால பேயானது. அதை வெட்டணும்னா முதல்ல அதுக்காகப் பேசணும். இது சின்ன விஷயம் இல்லை. சண்டைக்கதை எடுக்கறவன், சண்டை போடறதுக்கு முன்னாடி எதிராளியைப் புரிஞ்சுக்கோன்னு விதி வெச்சிருக்கான். ரெண்டாவது, அந்தப் பையனுக்குக் கடைசி வரைக்கும் கை நடுங்கறது. பயம் போகலை. பயந்துண்டே போறான். மூணாவது, சத்தத்துக்கு நடுவுல மௌனம் இருக்கு. தேநீர்க் கடையில கெண்டி கொதிக்கறது, மழை பெய்யறது, யாரும் பேசறதில்லை. அந்த இடத்துலதான் நெஞ்சு அடிச்சுக்கறது. நாலாவது, செத்தவா செத்தவாதான். அழுதா திரும்பி வரதில்லை."

"சூப்பர் சார்" என்றான் கலீம். "ஆனா ஃபைட்ட விட்டுட்டீங்களே! அஞ்சாவது பாகத்துல, ஓட்டுக் கூரை மேல..."

"ஆமாம். அதுவும் பலம்தான். அவ்வளவு வேகத்துலயும் யார் எங்க நிக்கறான்னு ஒரு க்ஷணம்கூடக் குழப்பம் இல்லை. ஓடு சரியறதுகூட முன்னாடியே காட்டினதுதான்."

கலீம் தந்தையைப் பார்த்தான். "ஒத்துக்கறேன் நைனா. எங்க கட்சி இதான். என்னால இவ்ளோ அழகா சொல்லியிருக்க முடியாது."

அறையிலிருந்து சத்தம் இல்லை. ஹேமாம்புஜம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்தே அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ குறை" என்றேன். "பதினாலாவது பாகத்துலேருந்து ஒரு மலை மேல போட்டி நடக்கறது. பாறையைப் பேத்து எறியறா. அடிக்கறதுக்கு முன்னாடி அந்த அடியோட பேரைக் கத்தறா. அதே பாறை மூணு தடவை ஒரே மாதிரி உடையறது, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கான். வாளோட விதியை எல்லாரும் மறந்துட்டா. ஆறு பாகம் தண்டம்."

"அது போர்தான் சார். ஒத்துக்கறேன்."

"சாயோன்னு ஒரு பொண்ணு. மூணாவது பாகத்துல அவளுக்கும் ஆவியோட குறை கேக்கும்னு காட்டறான். பையனைவிடக் கெட்டிக்காரி. அப்புறம் என்ன பண்ணினான்? பின்னாடி நிறுத்தி, 'கெய்தா! கெய்தா!'ன்னு பேரைக் கூப்பிட வெச்சுட்டான். கெட்டிக்காரியை ஊமையாக்கிட்டான். இது பெரிய குறை."

இதைச் சொல்லும்போது என் தமக்கை சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கலீம் தலையைச் சொறிந்தான். "அதுவும் கரெக்டுதான் சார்."

"கடைசிக் குறை. இதுதான் கதையையே கவிழ்க்கறது. வெள்ளை முகமூடிப் பேய், எல்லாத்துக்கும் பெரிசு. இருபத்தாறாவது பாகத்துல கெய்தா அதுக்கு எதிர நிக்கறான். அதோட குறையை அவன் சொல்லவே இல்லை. மணி அடிக்கவே இல்லை. ஆனா வாள் வந்துடறது, வெட்டிடறான். தான் வெச்ச விதியைத் தானே மீறினான். எதிராளி கட்சியைச் சொல்லாமலே தீர்ப்பு எழுதிட்டான். இது செல்லாது. இத்தனை தூரம் வந்து இப்படி முடிச்சவன் முதல்ல சொன்னதும் வெறும் வாய்ப்பேச்சு. பதில் சொல்லு."

கலீம் சிடி உறையைப் புரட்டிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தந்தை அவனைப் பார்த்தார்.

"என்னடா, பேசு" என்றார் சத்தார்.

"என்னத்த சொல்றது நைனா? எனக்கும் அது இடிச்சிக்கினுதான் இருந்துச்சு. முடிவு சொதப்பிட்டான். சார் சொல்றது கரெக்டு. நான் ஒத்துக்கறேன்."

"எதிர்க்கட்சி ஒத்துக்கிட்டா அப்புறம் தீர்ப்புதான்" என்றார் சத்தார். அவர் குரல் தணிந்தது. நான் ஏன் இதை நடத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியும். தாடியைத் தடவினார். "வேற யாருக்காவது சொல்றதுக்கு இருக்குதா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

மாடத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து முடித்திருந்தேன். தொடரின் கட்சியைச் சொன்னேன், குறையைச் சொன்னேன், எதிராளியும் ஒப்புக்கொண்டான். இனிச் செய்ய எதுவுமில்லை. விடியற்காலையில் முருகேசன் வருவான். என் பெண்ணை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தெருவழியாகப் போவதை எல்லாரும் பார்ப்பார்கள். அந்தக் குழாயை நினைத்தேன்.

"அப்படின்னா," என்றார் சத்தார், "இந்தப் படம் தன்னோட பேச்சத் தானே காப்பாத்தல. ஆகவே..."

"தப்பு."

அறைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் கதவு கிரீச்சிட்டதுபோல் இருந்தது. ஹேமாம்புஜத்தின் கையிலிருந்த தண்ணீர் தளும்பி மடியில் கொட்டியது. அவள் எழுந்தாள். நான் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவள் இன்றுவரை கேட்கிறாள். எனக்கும் எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஸ்ரீவல்லி வாதத்துக்குள் வந்திருக்கிறாள். வாதி பேசும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் அவள் மறுபடி நோயாளியாகிவிடுவாள்.

"எது தப்பு?" என்றேன், அறையைப் பார்க்காமல். "காட்டு."

"மணி... அடிச்சது." ஒவ்வொரு சொல்லும் உலர்ந்து வந்தது. "ஒன்பதாவது பாகத்துல."

"ஒன்பதாவது பாகம் நான் பார்த்தேன். ஆத்தங்கரை. ஓடக்காரக் கிழவன். மணி அடிக்கலை."

"பாட்டு முடிஞ்சப்புறம் பாத்தேளா?"

"பாட்டு முடிஞ்சா பாகம் முடிஞ்சது."

"முடியலைப்பா!"

அந்தச் சொல் அழுகையாக வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். தலை கலைந்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. எங்கள் ஒருவர் பக்கமும் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

"மூணு நாளா கேட்டுண்டு படுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாட்டு ஆரமிச்ச உடனே தாவித் தாவிப் போறேள். ஒவ்வொரு தடவையும். கதையே அங்கதான்பா இருக்கு. கலீம், நீயுமா?"

"பாட்டு வந்தா தாண்டிடுவேங்கா" என்றான் கலீம், மாட்டிக்கொண்ட மாணவனைப்போல. "கஸ்டமர் நின்னுக்கினு இருப்பாங்க."

"போடு. ஒன்பது."

கலீம் போட்டு, கடைசிக் கட்டத்துக்கு ஓட்டினான். ஆற்றங்கரை வந்தது, ஓடக்காரன் வந்தான், பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. எவரும் ரிமோட்டைத் தொடவில்லை. பாட்டு நின்றது. திரை ஒரு கணம் கறுத்து மறுபடி வெளிச்சமானது.

அதே ஆற்றங்கரை. கெய்தா தூங்குகிறான். சாயோ மட்டும் விழித்திருக்கிறாள். வாள் அவள் மடியருகே கிடக்கிறது. ஓடக்காரக் கிழவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவள் தாழ்ந்த குரலில் சொல்கிறாள்: 'வெள்ளம் வந்த அன்று மதகை மூடினார்கள். நீ வெளியே நிற்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே மூடினார்கள். பிறகு உன் பெயரையே ஒருவரும் சொல்லவில்லை.' கிழவன் எழுந்து, இருட்டில் திரும்பி நடக்கிறான். அவன் முதுகுப்பக்கம் இடுப்பில் ஒரு வெள்ளை முகமூடி தொங்குகிறது. வாளின் மணி, ஒரே ஒரு தடவை, மெல்லிசாக அடித்தது.

"ஐயோ" என்றான் கலீம்.

"அவன் கட்சியைச் சாயோ அப்பவே சொல்லிட்டா" என்றாள் ஸ்ரீவல்லி. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "வாள் அன்னிலேருந்து அவனுக்காகத் திறந்துதான் இருக்கு. கடைசில கெய்தா உருவினது சாயோ சொன்ன சொல்லால. அவ சும்மா நிக்கலை. பாட்டுக்கு அப்புறம் வரதெல்லாம் அவளோடது. யாரும் பாக்காத இடத்துல அவதான் பேசிண்டிருந்தா." மூச்சு வாங்கியது. "மலை மேல போட்டி குப்பைதான். அதை நீங்க சொன்னது சரி."

அப்துல் சத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல.

"மணி அடிச்சிச்சு. நான் என் காதால கேட்டேன்" என்றார். "சாமி, உங்க பெரிய குறை ரெண்டும் நிக்கல. பாறை எறியறது மட்டும் நிக்குது. படம் ஜெயிச்சிடுச்சு."

"ஒத்துக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான், போகலாம் என்று தலையசைத்தேன். ஹேமாம்புஜம் ஓடினாள். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர் கொஞ்சம்தான். அதை ஸ்ரீவல்லி குடித்தாள். குடிக்கும்போது தொண்டை வலித்து முகம் சுளித்தாள். ஹேமாம்புஜம் இன்னும் கொண்டுவரப் போனபோது, அவளுக்கு முன்னால் பட்டம்மாள் சமையலறைக்குள் போயிருந்தாள். நாங்கள் சாத்தமுது என்று சொல்லும் ரசத்தில் குழையப் பிசைந்த சாதத்தோடு வந்து பெண்ணின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் தமக்கை மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவள் அல்ல. ஒரு கவளத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி," என்றாள் கடைசியில், "அந்த ஓடக்காரன் செத்தப்புறம் அவன் பேரை யாராவது சொன்னாளா இல்லையா?"

"இருபத்திரண்டுல வரது அத்தை. பாட்டுக்கு அப்புறம்."

"சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு. கேக்கறேன்."

ஸ்ரீவல்லி வாயைத் திறந்தாள். முதலில் கவளம் உள்ளே போனது. பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். அன்று பட்டம்மாளும் சாப்பிட்டாள். ஏகாதசி என்று சொல்லவில்லை.

நான் சத்தாரையும் கலீமையும் வாசல்வரை கொண்டுவிட்டேன். பிறகு நடந்துபோய் முருகேசனிடம் கார் வேண்டாம் என்று சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டான். அவள் எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தாள், உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றேன்.

ஊரில் இரண்டு பேச்சு உலவுகிறது. முசரவாக்கத்திலிருந்து ஒருவர் வந்து கயிறு கட்டிப் பேயை ஓட்டினார் என்பது ஒன்று. அப்படி எவரும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. மற்றொன்று கோஷ்டியில் என்னை மெச்சிச் சொல்லப்படுவது. பாஷ்யம் எல்லாம் தெரிந்துகொண்டே, பெண்ணைப் பேச வைப்பதற்காக வேண்டுமென்று தவறான கட்சியைச் சொன்னார், அது அவருடைய யுக்தி என்கிறார்கள். அதுவும் உண்மை அல்ல. பாட்டுக்குப் பிறகு காட்சி உண்டு என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்னது தவறு. அவள் திருத்தினாள்.